வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர், வீட்டிலிருந்தே வேலை: இது நியாயமா?

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர் எழுப்பிய கேள்வி
மே 30, 2025, மாலை 6.45

எங்கள் குழுவில் 14 பேர். இருவர், வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று சொல்லி வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். மாலையில் அவசர வேலை வந்தால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவன் தலையில்தான் அது விழுகிறது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் விடுப்பு எடுக்கட்டும். வேலை செய்வதென்றால் வேலையை மட்டும் செய்யட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறேன் என்பது இரண்டுக்கும் துரோகம். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மே 30, இரவு 11.10

காரணம் சொல்கிறேன். அந்த இருவரைப் போன்ற ஒருவன்தான் நானும்.

வீடு புளியம்பட்டியில், அலுவலகம் சரவணம்பட்டியில். மெடிக்கல் கோடிங் வேலை, அதாவது மருத்துவக் குறிப்புகளுக்குக் குறியீட்டு எண் போடும் வேலை, பதினோரு வருடமாக. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பத்தொன்பது மாதம் ஆகிறது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அவளால் வகுப்பை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, என்னால் என் வேலையைக் கொண்டுவர முடியும். அதனால் வீட்டில் இருப்பவன் நான்.

விடுப்பு எடுக்கட்டும் என்கிறீர்கள். அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். ஒருமுறை புரட்டி, முதுகைத் துடைத்து, தலையணையைக் காலுக்கு இடையில் சரியாக வைக்க ஏழெட்டு நிமிடம். வேலை நேரத்தில் நான்கு முறை. அதாவது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்காக ஒரு முழுநாள் விடுப்பு எடுக்கச் சொல்கிறீர்கள். எனக்கு வருடத்துக்குக் கிடைப்பது 18 நாள். விடுப்பை நாள் கணக்கில் தருகிறார்கள். பராமரிப்போ நிமிடக் கணக்கில், நாள் முழுவதும் சிதறி வருகிறது. இந்த இரண்டு கணக்கும் ஒருபோதும் பொருந்தாது. சரவணம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு பத்து மணிக்கு எட்டு நிமிடம் புளியம்பட்டிக்கு வந்துபோக முடியாது. இடையில் கோவில்பாளையம் இருக்கிறது, அன்னூர் இருக்கிறது, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

இது ஒன்றும் யாரோ போடும் பிச்சை இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் உரிமையை 2017-லேயே சட்டம் கொடுத்துவிட்டது.

மே 31, காலை 5.50

நேற்று கோபத்தில் எழுதிய கடைசி வரி தவறு. திருத்துகிறேன்.

2017-ல் வந்தது மகப்பேறு நலச் சட்டத்தின் திருத்தம். மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது அதுதான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றதும் அதுதான். வீட்டிலிருந்து வேலை பற்றி அதில் 5(5) என்று ஒரே ஓர் உட்பிரிவு. விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருவரும் ஒத்துக்கொள்ளும் காலத்துக்கும் நிபந்தனைக்கும் உட்பட்டு முதலாளி அனுமதிக்கலாம் என்பதே அதன் சாரம். 'அனுமதிக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'அனுமதிக்க வேண்டும்' என்று இல்லை. அதுவும் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மட்டும். படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கோ, மருமகளுக்கோ அதில் ஒரு சொல்கூட இல்லை.

மத்திய அரசு ஊழியர் என்றால் கொஞ்சம் பரவாயில்லை. பெண் ஊழியருக்கும் தனித்து வாழும் ஆண் ஊழியருக்கும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. உடற்குறையுள்ள பிள்ளையைப் பராமரிக்கும் ஊழியரை வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கலாம் என்று 2014-ல் ஆணை வந்தது, 2018-ல் அது பெற்றோர், கணவன், மனைவி, உடன்பிறந்தோர் வரை நீண்டது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'பராமரிப்பாளர்' என்ற சொல்லுக்கே விளக்கம் தருகிறது. கூலி வாங்கியோ வாங்காமலோ பார்த்துக்கொள்பவர், பெற்றோரும் குடும்பத்தாரும் உட்பட, எல்லோரும் அதில் அடக்கம். சட்டத்துக்கு எங்களைத் தெரியும். ஆனால் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிற பராமரிப்பாளருக்கு வேலை நேரத்தில் என்ன செய்வது என்று வரும்போது அது எங்களை மேனேஜரின் மனதுக்கு விட்டுவிடுகிறது. என் சண்டை அங்கேதான்.

ஜூன் 1, ஞாயிறு

என் ஒருநாளை அப்படியே எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

காலை ஆறரைக்குப் பக்கத்துத் தெரு அக்கா வருவார். மாதச் சம்பளத்துக்கு வருகிறவர். அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி, தலை சீவிவிடுவது அவர் பொறுப்பு. முதல் மாதம் அதையும் நானே செய்யப் பார்த்தேன். அம்மா இடது கையால் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பேச்சு இல்லாத அம்மா சொன்னது எனக்குப் புரிய மூன்று நாள் ஆயிற்று. அன்றே அக்காவிடம் போய்க் கேட்டேன்.

எட்டு மணிக்கு மனைவி கிளம்புகிறாள், நான் லாகின் செய்கிறேன். எங்கள் வேலையில் ஒரு நிபந்தனை உண்டு. அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள் எங்கள் திரையில் ஓடுகின்றன. அவற்றின் ரகசியத்தைக் காக்க 1996-லிருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது, அதை மீறினால் நிறுவனத்துக்கு அபராதம். ஆகவே வீட்டில் வேலை செய்பவன் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும், கைப்பேசி மேசையில் இருக்கக் கூடாது, அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. நிபந்தனை நியாயமானது. என் அம்மாவின் கேஸ் ஷீட் எவன் கண்ணிலோ படுவதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் கதவைச் சாத்தினால் அம்மா கூப்பிடுவது எப்படிக் கேட்கும்? அவரால் கூப்பிடவும் முடியாதே. கடலைக்காய் மூட்டை போட்டு வைத்திருந்த உள்ளறையைத்தான் வேலைக்கு ஒழித்தேன். அங்கே ஆணியில் அப்பாரு காலத்துக் காளை மணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டில் சட்டத்தில், அம்மாவின் இடது கைக்கு எட்டுகிற இடத்தில், நூல் கயிற்றில் கட்டினேன். ஒரு அடி என்றால் தண்ணீர், இரண்டு என்றால் துணி மாற்ற வேண்டும், தொடர்ந்து அடித்தால் உடனே வா. இந்தக் கணக்கை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரே வாரத்தில் அம்மாவே வகுத்துக்கொண்டார். நாற்பது வருடம் மாடு மேய்த்தவர்.

பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்குப் புரட்டுதல். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. சோற்றைக் குழையப் பிசைந்து, நேராக நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியில் ஊட்ட வேண்டும். தண்ணீரை விடக் கூழ் பாதுகாப்பானது. தண்ணீர் சட்டென்று மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும், கெட்டியாக இருப்பது மெல்லப் போகும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. இதற்கு ஒரு மணி நேரம் போகிறது. அந்த ஒரு மணியையும் புரட்டும் நேரத்தையும் இரவு ஏழு மணிக்கு மேல் உட்கார்ந்து ஈடுகட்டுகிறேன். எங்கள் வேலையில் எத்தனை சார்ட், அதாவது எத்தனை நோயாளிகளின் குறிப்பு, முடித்தாய், எத்தனை பிழை என்பது அன்றன்றே திரையில் தெரிந்துவிடும். ஏமாற்ற வழியில்லை. ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்படுபவர்கள் அந்த எண்களைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

வாரத்தில் ஒருநாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலிருந்து பிசியோதெரபி செய்ய வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். வீட்டு வாசலுக்கே வந்து கைகால் பயிற்சி கொடுக்கிறார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அவர்கள் வருவது பகலில். பகலில் கதவைத் திறக்க வீட்டில் ஆள் வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

இன்று சந்தை நாள், தெருவெல்லாம் மாடும் வண்டியும். அக்கா வரத் தாமதம். சுருக்கமாக எழுதுகிறேன்.

சார்ட்டைப் பற்றி எழுத எனக்கு அனுமதி இல்லை. குறியீட்டுப் புத்தகம் பொதுவானது, அதைப் பற்றி எழுதலாம். அதில் இசட் 74.2 என்று ஒன்று உண்டு. வீட்டில் உதவி தேவை, பராமரிக்கக்கூடிய வேறு ஆள் வீட்டில் இல்லை என்று பொருள். இசட் 63.6 என்று இன்னொன்று. வீட்டில் பராமரிப்பு தேவைப்படும், தம்மைச் சார்ந்த உறவினர். பதினோரு வருடமாக அயலூர்க்காரர்களுக்கு இந்த எண்களைப் போட்டு வருகிறேன். என் அலுவலகத்தில் வீட்டிலிருந்து வேலை கேட்கும் படிவத்தில் காரணம் எழுத மூன்று கட்டம்தான்: மகப்பேறு, சொந்த நோய், மற்றவை. அம்மா 'மற்றவை'யில் இருக்கிறார்.

ஜூன் 8

பெருந்துறை நண்பர் இன்னொரு கேள்வி போட்டிருக்கிறார். வீட்டிலிருந்து வேலை என்பதைப் பராமரிப்புக்கு மாற்றாக எந்த நாடாவது ஒத்துக்கொள்கிறதா என்று.

அமெரிக்க அரசு ஊழியர்களுக்கு 2010-ல் தொலைப்பணிச் சட்டம் வந்தது. அதையொட்டி அவர்களுடைய பணியாளர் துறை தந்த வழிகாட்டுதல், பிள்ளையையோ முதியவரையோ பராமரிப்பதற்குத் தொலைப்பணி மாற்று ஆகாது என்கிறது. வேலை நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேறு ஏற்பாடு இருக்க வேண்டும். இதே வாசகம் என் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. எவரோ அதைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

முதல் தடவை படித்தபோது கொதித்தது. வேறு ஏற்பாடு இருந்தால் நான் எதற்கு வீட்டில் உட்காரப் போகிறேன்? இது எழுதுகிறவர்களுக்கு வசதியான வாக்கியம். கையெழுத்துப் போடுகிறவன் பொய்யன் ஆகிறான், வாங்கி வைக்கிறவர் கண்ணை மூடிக்கொள்கிறார். பின்னொரு நாள் ஏதாவது நடந்தால் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுகிறார்.

ஜூன் 9

இரவெல்லாம் யோசித்தேன். நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

போன நவம்பரில் நடந்ததைச் சொல்லாமல் விட்டிருந்தேன். தணிக்கை அழைப்பில் இருந்தேன், மணி விடாமல் அடித்தது. அம்மாவுக்குப் புரை ஏறி முகம் கறுத்துவிட்டது. எழுந்து ஓடினேன். திரும்பி வரப் பதினோரு நிமிடம். அழைப்பில் இருந்த ஐந்து பேரும் காத்திருந்தார்கள். யாரும் திட்டவில்லை, ஆனால் அந்த மாதம் என் மதிப்பீட்டில் 'கவனச் சிதறல்' என்று ஒரு வரி ஏறியது.

அந்த நேரத்தில் வீட்டில் இன்னொரு கை இருந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை எனக்குத் தூரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. கூடுதலாக இரண்டு கை கொடுக்கவில்லை. இதை நான் கற்றுக்கொள்ள அம்மா மூச்சுத் திணற வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அதன் பிறகுதான் பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை அக்காவை இரண்டாம் முறை வரச் சொன்னேன். சாப்பாட்டு நேரமே ஆபத்தான நேரம், அதில் தனியாக இருக்கக் கூடாது. சம்பளத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. பஸ் செலவு மிச்சமானதில் பாதியாவது ஈடாகிறது.

ஆகவே அந்த வாக்கியம் இருக்கட்டும், ஆனால் உண்மையாக இருக்கட்டும். 'வேலை நேரம் முழுவதும் வேறு ஏற்பாடு' என்று எழுதினால் பொய் வளரும். இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை வேறு ஆள் உண்டு, அந்த நேரத்தில்தான் கூட்டங்கள், மீதி நேரத்தில் இடையில் எழுந்துபோவேன், அதைப் பிறகு ஈடுசெய்வேன் என்று எழுதினால் இரு தரப்பும் உண்மை பேசலாம்.

ஜூன் 15

வீட்டிலிருந்து வேலை என்பது ஏதோ 2020-ல் பெருந்தொற்றோடு வந்தது போலப் பேசுகிறார்கள். கொங்கு நாட்டில் இது புதிதா? சென்னிமலையில் போர்வை நெய்தவர்களும் பவானியில் ஜமக்காளம் நெய்தவர்களும் எங்கே நெய்தார்கள்? வீட்டில்தான். தறிக்குழிக்குப் பக்கத்தில் விட்டத்தில் தூளி தொங்கும். நெய்துகொண்டே அதை ஆட்டிவிடுவார்கள். திண்ணையில் படுத்திருக்கும் கிழவருக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு வந்து தறியில் பாவு நூலைச் சரிசெய்வார்கள். வேலையையும் வீட்டையும் பிரித்து, நடுவில் முப்பது கிலோமீட்டரை வைத்தது நேற்று வந்த வழக்கம். நாங்கள் கேட்பது அந்தப் பழைய முறையைத்தான்.

ஜூன் 17

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட பதில் எழுதியிருக்கிறார். பதினைந்தாம் தேதி நான் எழுதியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் வீட்டில் பனியன் பிசிறு வெட்டும் வேலை. கம்பெனியிலிருந்து மூட்டை வந்து இறங்கும், பீஸ் கணக்கில் கூலி. மாமனார் படுக்கையில். 'வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன், நீங்கள் கேட்கும் எல்லாமும் எனக்கு இருக்கிறது. ஆனால் மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பது நாளும் ஒரு பைசா வரவில்லை. மூட்டையைத் திருப்பித் தர நாளாகிவிட்டது என்று அடுத்த இரண்டு வாரம் மூட்டையே தரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளும் உட்கார்ந்து வெட்டினால்தான் மூட்டை தீரும்' என்று எழுதியிருக்கிறார்.

தூளியையும் தறியையும் பற்றி அழகாக எழுதிவிட்டேன். அந்தத் தறியில் கூலி பிடித்தம் எப்படி இருந்தது, பாவு ஓட எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள் என்பதை எழுதவில்லை. வீட்டில் இருந்து செய்கிற வேலைக்கும் மற்றத் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்காக 1981-ல் 156-ஆவது உடன்படிக்கை. இந்தியா இரண்டையும் ஏற்று உறுதிசெய்யவில்லை. மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் கையில் இருப்பதால்தான் எனக்கு வீட்டிலிருந்து வேலை என்பது நிம்மதி. அவை இல்லாத இடத்தில் அதே ஏற்பாடு அந்தச் சகோதரியைச் சுவருக்குள் அடைத்து வைத்திருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் இனி எழுத மாட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

பெருந்துறை நண்பருக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. மாலையில் வரும் அவசர வேலை அலுவலகத்தில் இருப்பவன் தலையில் விழுகிறது என்கிறார். உண்மை. என் குழுவிலும் அப்படித்தான் இருந்தது. கல்யாணம் ஆகாத இரண்டு பையன்கள் ஆறு மாதம் அதைச் சுமந்தார்கள். வாய் திறக்கவில்லை. பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. காரணம் புரிய எனக்கு நாளாயிற்று.

இதற்கு மருந்தாக நாங்கள் செய்தது மிகச் சாதாரணமானது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடைக்காலத்தில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மாலை ஆறரை. அவசர சார்ட்கள் வரத் தொடங்குவதே அப்போதுதான். அலுவலகத்தில் இருப்பவன் அப்போது பஸ் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருப்பான். நானோ வீட்டில் இருப்பவன், மனைவியும் வந்துவிட்டிருப்பாள். ஏழிலிருந்து ஒன்பது வரை வரும் அவசர வேலை என்னுடையது என்று எழுதிப் போட்டோம். என்னுடைய ஈடுகட்டும் நேரமும் அதுவே. அந்தப் பையன்கள் இருவரும் இப்போது ஆறே முக்கால் பஸ்ஸுக்குப் போகிறார்கள். மேனேஜர் இதைத் தானாகச் செய்யவில்லை. நான் கேட்கவும் ஆறு மாதம் கூசினேன். சலுகையில் இருக்கிறோம் என்ற எண்ணம் இருக்கும் வரை வாயைத் திறக்க முடியாது.

இங்கேதான் எழுதப்பட்ட விதி தேவைப்படுகிறது. பிரிட்டனைப் பாருங்கள். 2003-ல் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள பெற்றோருக்கும், உடற்குறையுள்ள பிள்ளையின் பெற்றோருக்கும் மட்டும், வேலை நேரத்தையும் இடத்தையும் மாற்றிக் கேட்கும் உரிமை வந்தது. பெரியவர்களைப் பராமரிப்போருக்கு 2007-ல். 2014 ஜூனில் 26 வாரம் பணி முடித்த எல்லா ஊழியருக்கும். 2024 ஏப்ரல் முதல், சேர்ந்த நாளிலிருந்தே கேட்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை கேட்கலாம், இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும், மறுத்தால் சட்டம் பட்டியலிட்ட எட்டுக் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். கேட்கும் உரிமைதான், கிடைக்கும் உரிமை அல்ல. ஆனாலும் கேட்டதற்குப் பதில் உண்டு, பதிலுக்குக் கெடு உண்டு, காரணம் உண்டு. என் படிவம் போன வருடம் நான்கு மாதம் எங்கே கிடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எல்லோருக்கும் பொதுவாக்கியது முக்கியமான படி என்று நினைக்கிறேன். பராமரிப்பவனுக்கு மட்டும் என்று வைத்தால் பக்கத்து மேசையில் இருப்பவன் கண்ணில் அவன் உறுத்துகிறான். அந்தப் பையன்களில் ஒருவன் மாலைக் கல்லூரியில் படிக்க விரும்புகிறான். அவனும் கேட்கட்டுமே.

ஜப்பானில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவென்றே குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு 93 நாள் விடுப்பு, மூன்றாகப் பிரித்து எடுக்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து, குடும்பத்தாரைப் பராமரிக்கும் ஊழியருக்குத் தொலைப்பணி கிடைக்க நிறுவனம் முயற்சி செய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பெற்றோருக்காக வேலையை விடுகிறவர்கள் அங்கே ஆண்டுக்கு லட்சம் பேர் அளவில் இருக்கிறார்கள். அனுபவசாலிகள் இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் யாரை வைத்து வேலை வாங்குவது என்ற கவலையில் பிறந்த விதி அது.

ஜூலை 6

கோபியிலிருந்து ஒரு பெண் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை.

அவருக்கு நிறுவனம் நிரந்தரமாகவே வீட்டிலிருந்து வேலை கொடுத்துவிட்டது. நாம் எல்லோரும் கேட்பது அவருக்குக் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணன்கள் இருவரும், அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த ஆளுக்குக் கொடுத்த பங்கை நிறுத்திவிட்டார்கள். 'நீதான் வீட்டிலேயே இருக்கிறாயே.' ஒரம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தால் சமையல் அவர் தலையில். நோம்பி நாளில் லாகின் செய்து உட்கார்ந்தால் அத்தை முகம் சுளிக்கிறார். அவர் எழுதியது: 'முன்பு பஸ்ஸில் போகும்போது நாற்பது நிமிடம் நான் யாருக்கும் மகளும் இல்லை, மருமகளும் இல்லை.'

நான் வீட்டில் இருந்து அம்மாவைப் பார்ப்பதைப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, 'ஆண்பிள்ளை செய்கிற வேலையா இது, கண்ணு' என்று கண் கலங்கினார். ஊரில் என்னைப் புகழ்கிறார்கள். கோபிப் பெண்ணை யாரும் புகழ்வதில்லை, அது அவர் கடமை. 2024-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் யாரையாவது பராமரிக்கிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். பராமரிக்கும் பெண் நாளுக்கு 140 நிமிடம் கொடுக்கிறார், ஆண் 74 நிமிடம். விதியை எழுதுகிறவர்கள் 'பெண் ஊழியர்களுக்கு' என்று எழுதினால் இந்த எண்கள் அப்படியே உறைந்துவிடும். 'பராமரிக்கும் ஊழியர்' என்று எழுத வேண்டும்.

இன்னொன்றும் எழுத வேண்டும், இதை நான் மே மாதத்தில் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். வீட்டிலிருந்து வேலை கேட்கும் உரிமையோடு, அலுவலகத்துக்குத் திரும்பிவரும் உரிமையும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், இருக்கை காத்திருக்க வேண்டும். அண்ணன்களிடம் அந்தப் பெண் 'அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள்' என்று சொல்ல ஒரு காகிதம் கையில் இருக்கட்டும்.

ஜூலை 13

மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், நீங்கள் அலுவலகத்துக்குத் திரும்பிப் போவீர்களா என்று.

போவேன். எங்கள் நிறுவனம் வாரம் மூன்று நாள் எல்லோரும் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஜனவரியில் இதே பேச்சு வந்தபோது ஒருநாளும் முடியாது என்று சண்டை போட்டவன் நான். இப்போது மூன்று முடியாது, ஒன்று முடியும் என்கிறேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இருதய அறுவைச் சிகிச்சைக் குறியீடுகளைத் திரை வழியாகச் சொல்லித் தந்து பார்த்தேன், பக்கத்தில் உட்கார்ந்து விரலால் காட்டுவது போல வரவில்லை. இரண்டு வருடமாகப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் பேச்சுக்கே வரவில்லை என்பதையும் அறிந்தேன். கண்ணில் படாதவன் நினைவிலும் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பார்த்தார். மணியை ஒருமுறை தட்டினார். தண்ணீர் கொண்டுபோனேன், வாங்கவில்லை. கையை எடுத்துத் தோளில் வைத்தார்.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

பவானி கூடுதுறைக்குப் போகும் கூட்டத்தால் பஸ் எல்லாம் நிறைந்து போகிறது. எங்கள் வீட்டில் அம்மாவுக்காக முற்றத்திலேயே முளைப்பாரி வைத்தோம்.

எச்.ஆர். (மனிதவள) பிரிவுக்கு நான் அனுப்பிய வீட்டிலிருந்து வேலை விண்ணப்பத்தைக் கேட்டிருந்தீர்கள். சுருக்கம் இது. காரணத்தில் 'மற்றவை'யை அடித்துவிட்டு 'வீட்டில் பராமரிப்பு தேவைப்படும் உறவினர்' என்று எழுதி, பக்கத்தில் இசட் 63.6 என்று குறித்தேன். அந்தக் குறியீட்டை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அறிவார்கள். வாரம் நான்கு நாள் வீடு, ஒருநாள் அலுவலகம். பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை வீட்டில் வேறு ஆள் உண்டு, கூட்டங்களை அதற்குள் வைக்கவும். இரவு ஏழு முதல் ஒன்பது வரை அவசர வேலை என் பொறுப்பு. மருத்துவச் சான்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டாம், வருடத்துக்கு ஒன்று போதும். பக்கவாதத்தின் பின்விளைவு மூன்று மாதத்தில் மாறுவதில்லை, அதைக் கோடிங் செய்யும் நிறுவனத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், மறுத்தால் காரணத்தோடு.

அலுவலக நாளாகப் புதன்கிழமையைக் கேட்டிருக்கிறேன். வியாழன் சந்தை, அன்றைக்கு அக்காவை நம்ப முடியாது.

ஆகஸ்ட் 10

'நம்ப முடியாது' என்று எழுதியது தவறான சொல். அக்கா வியாழக்கிழமை தாமதமாக வருவது ஏன் என்று இத்தனை நாள் நான் கேட்டதே இல்லை. நேற்றுத்தான் கேட்டேன். அவருடைய மாமியாருக்குச் சர்க்கரைப் புண், காலில் கட்டு மாற்ற வேண்டும். மற்ற நாளில் அவர் மகன் மாற்றுகிறான். வியாழன் அவன் சந்தையில் சுமை தூக்கப் போகிறான். ஆகவே அன்றைக்கு அக்கா மாற்றிவிட்டு வருகிறார்.

என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கும் வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார். அவர் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அந்த வேலை என் அம்மாவின் உடம்பில் இருக்கிறது. நேரத்தை மட்டும் நகர்த்தலாம். வியாழன் ஆறரைக்குப் பதில் எட்டரை என்று பேசிக்கொண்டோம், சம்பளத்தில் பிடித்தம் இல்லை. அன்று காலை அம்மாவின் வாயைத் துடைத்து, கஞ்சி ஊட்டி வைக்கிற வரை என் வேலை, மீதி அவருடையது. நான் லாகின் செய்வது வியாழன் மட்டும் ஒன்பது மணி. அதையும் விண்ணப்பத்தில் சேர்த்து மறுபடி அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை, கெடு செப்டம்பர் 2.

பெருந்துறை நண்பர் அவசர வேலைப் பட்டியலின் மாதிரியைக் கேட்டிருக்கிறார். பெயர்களை எடுத்துவிட்டு இன்றிரவு போடுகிறேன். 14 பேருக்கு என்றால் இரண்டு வாரச் சுற்றாக வைத்துப் பாருங்கள், ஒரு வாரச் சுற்று யாரையாவது வெள்ளிக்கிழமையிலேயே நிரந்தரமாக மாட்டிவைத்துவிடும்.